போதை தெளிய வைத்த ஐந்து மணி நேரம்

விடிகாலை லாரியிலிருந்து புடவை மூட்டை இறக்கி இறக்கி டில்லிபாபுவின் பிடரி இரும்பாய்க் கனத்தது. கடைசி மூட்டையில் வலது கை கழன்றதுபோல் தொங்கியது. மூட்டையோடு ஆளும் சரிந்தான். தி.நகர் கடைக் கடிகாரத்தில் மணி ஏழு.

முதலாளி சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. சுமைக்காரனுக்கு வரும் வியாதியில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கழுத்தில் ஐயப்பன் மாலை கிடந்ததால் மரியாதை மட்டும் குறையவில்லை.

“சாமி, காலையிலேயே ஊத்தியாச்சோ? மாலையப் போட்டுக்கிட்டு இப்படிச் செய்யலாமா சாமி?”

மாடியில் தங்கியிருக்கும் நாற்பது ஊழியர்களும் இறங்கி வந்து சிரித்தார்கள். மாலை போட்ட இருபது நாளாக அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான், எச்சில்தான் வந்தது. எலுமிச்சைச் சாறு புகட்டினார்கள். பாதி கடைவாயில் வழிந்தது. போதை தெளியட்டும் என்று கிடங்கில் கிடத்திக் கதவைச் சாத்தினார்கள்.

பதினொன்றரைக்குச் சோறு கொண்டுவந்த மனைவி தேவானை ஒரு பார்வைதான் பார்த்தாள். “யோவ், வாயி கோணிக்கினு கீது, இன்னா வேடிக்கை பாத்துக்கினு கீறீங்க? வண்டியக் கூப்புடுங்கய்யா!”

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. டாக்டர் மதுமதி கேட்டார்: “எப்ப ஆரம்பிச்சது?”

“இப்பத்தாம்மா, அரை மணி நேரம் இருக்கும்,” என்றார் முதலாளி. ஐந்து மணி நேரம் கிடங்கில் போட்டு வைத்தேன் என்று எந்த முதலாளி சொல்வார்?

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். “பக்கவாதம். அரை மணிதான்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டுடலாம்.”

டில்லிபாபு இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தான்.

“தண்ணி கேக்காரு,” என்றார் முதலாளி.

அவன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். மறுபடி ஐந்து விரல்.

“அஞ்சு மணி நேரமாய்யா?” என்றாள் தேவானை. தலையாட்டினான்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். “இவ்வளவு நேரம் கழிச்சுப் போட்டிருந்தா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம். அரை மணியாம்!” முதலாளி கூரையில் சுற்றும் விசிறியை ஆராய்ந்தார்.

தொடை வழியே குழாய் விட்டு, மூளையில் அடைத்திருந்த கட்டியை உறிஞ்சி எடுத்தார்கள். அது கிளம்பி வந்த கழுத்து ரத்தக்குழாய், வருஷக்கணக்கில் இழுத்த பீடி புண்ணியத்தில், நூலாய்ச் சுருங்கிக் கிடந்தது. அதே மூச்சில் அங்கே ஸ்டென்ட் என்ற கம்பிவலையை விரித்து வழி திறந்தார்கள்.

மூன்றாம் நாள் வலது கை சுமாராக எழும்பியது. சண்முகசுந்தரம் ஆப்பிள் பையோடு வந்தார்.

“எல்லாம் ஐயப்பன் செயல், சாமி. செலவு பூரா நான் கட்டுதேன். நடந்தத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீரும்.”

டில்லிபாபு ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கோத்தான். “கடைல… எல்லாரும் கேக்க… நான் குடிக்கலன்னு… சொல்லு மொதலாளி.”

“அது எதுக்குவே இப்போ?” பேச்சிலிருந்து ‘சாமி’ போய்விட்டார், ஆப்பிளை வைத்துவிட்டு முதலாளியும் போய்விட்டார்.

சொன்னபடி பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் கட்டினார். நாற்பது பேர் முன்னால் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.