குசினிக்கு மூன்று மணித்தியாலம்

மோர்டனில் கஸ்பர் வீட்டின் படுக்கையறைக்கும் சமைக்கிற குசினிக்கும் இடைப்பட்ட தூரம், போன தை மாதத்திலிருந்து, ஆயிரத்து எண்ணூற்று எண்பது கிலோமீற்றர். விமானத்தில் மூன்று மணித்தியாலம். வெளியால் சுற்றி ஜன்னலுக்குப் போனாலும் அதே தூரம்தான். மேல்வீட்டு இஞ்சினியர் முகுந்த், "லீமாவுக்கும் போகோட்டாவுக்கும் இதே தூரம்தான் அண்ணா, ஃபோன்ல போட்டுப் பாத்தேன்," என்றான். அந்த ஊர்கள் எந்தக் கண்டத்தில் இருக்கின்றன என்று கஸ்பருக்குத் தெரியாது. கேட்டறியத் தெம்பும் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. புதுவருடத்தில் பாதர் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்தபோது, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டிய பெட்டிகள் குவிந்து கிடந்த கொரிடோரைக் காட்ட வெட்கப்பட்டு, கஸ்பர் லைட்டை அணைத்து, "அது சும்மா வழிதான் பாதர்," என்று தாண்டிக் கூட்டிப்போய்விட்டார். தீர்த்தம் படாத அந்த ஒரே இடம் அடுத்த நாளே நீளத் தொடங்கியது. பாதர் திரும்பி வந்து தெளித்துக்கொண்டே நடந்தார். நாற்பதாவது கிலோமீற்றரில் வாளி வற்றிவிட்டது.

இரண்டு கிழமையில் ஒரு சிறு விமானம் ஓடத் தொடங்கியது. காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. ஜன்னலோரம் இருந்தாலும் சுவர்தான் தெரியும். நடுவழியில் மடுமாதா படம். நூறு மில்லிக்கு மேல் தேத்தண்ணி கொண்டுபோக விடமாட்டார்கள். படுக்கையறை மேசையிலிருந்து போன் பேசுவதே கஸ்பரின் வேலை என்பதால் அவர் சமாளித்தார். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் செய்யும் மனைவி கிளறிற்றாவுக்குத்தான் இடி. வாசற்கதவு குசினிப் பக்கம். காலையில் வந்து, பறந்து, மெத்தையில் விழுந்து கண் மூடுவதற்குள் பின்னேர விமானத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒருநாள் குசினியிலிருந்தே போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, எனக்கு இனி ஏலாது. ஈஸ்டரோட தோர்ண்டன் ஹீத்துக்கு, அக்கா வீட்டை போறன். அங்க கட்டில் பத்தடியில இருக்கு."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன, கட்டிலடியிலதானே வேலை."

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கஸ்பர் லீவு போட்டு, மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினார். விமானத்தில் மெத்தை ஏற்ற ஏலாது என்றார்கள். முகுந்த் போனில் சிரித்தான். "புதுசா ஒண்ணு ஆர்டர் பண்ணிடலாமே அண்ணா?"

"புதுசு அவவின்ர இடுப்பு, நாரி நோவுக்கு ஒத்துவராது, தம்பி."

நாற்பத்தாறு நாள், நாளுக்கு நாற்பத்தொரு கிலோமீற்றர், மெத்தையை இழுத்துக்கொண்டு நடந்தார். தவக்காலம் என்பதால் அவர் சாப்பிடாததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தலைக்கு மேலே போகும் விமானத்திலிருந்து பைலட் ஒருமுறை லைட் அடித்துக் காட்டினான். உயிர்த்த ஞாயிறு காலை குசினி வெளிச்சம் தெரிந்தபோது மெத்தையின் ஒரு மூலை தேய்ந்தே போயிருந்தது. கிளறிற்றா கோட்டுப் போட்டு, சூட்கேசைப் பிடித்தபடி நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சப்பாத்தைக் கழற்றுங்கோ. இப்பதான் கூட்டினனான்."

இருவருமாக மேசையைச் சுவரோடு தள்ளி, மெத்தையை விரித்தார்கள். கோட்டைக் கழற்றாமலே அவள் ஒன்பது மணித்தியாலம் தூங்கினாள். படுக்கையறை அங்கேயேதான் இருக்கிறது. ஆவணியில் இரண்டு கிழமை லீவு கிடைத்தால் போய் வருகிறார்கள். அங்கே வெயில் பரவாயில்லையாம்.