தலைமறைவானவரின் கட்டில்

அலுவலகத்தில் அவளுக்கு முகத்துக்கு முன்னால் மேடம் என்று பெயர், முதுகுக்குப் பின்னால் பூட்டு. ராணுவ நீதிமன்ற வழக்குகளையெல்லாம் கணினிக்குள் கொண்டுவரும் அமைப்பை வடிவமைத்தவள் அவள்தான். ஒரு தடவை பதிந்ததை எந்தக் கொம்பனாலும் திருத்த முடியாதபடி இறுக்கி வைத்திருந்தாள். அதிகாரிகள் கைதட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“தலைமறைவுன்னு போட்டிருக்கே, என்ன மேடம் அர்த்தம்?” என்று கேட்டாள் எதிரில் நின்றவள், ஒரு சிப்பாயின் மனைவி. “எம் புருஷன் உங்க பட்டாளத்து ஆஸ்பத்திரியிலதான் மூச்சு மெஷினோட கிடக்கிறார். விசாரணைக்குக் கூட்டிட்டு வர்ற வழியில வண்டியைக் கவுத்ததும் உங்க ஆளுங்கதான். கண்ணே திறக்காத மனுஷன் எந்த ஊருக்கு ஓடினாராம்?”

பூட்டு, அதைப் பதிந்த எழுத்தர் பக்கம் திரும்பினாள். “என்ன சார் இது?”

“திரையில மூணுதான் இருந்துச்சு மேடம். ஆஜர், காவலில், தலைமறைவு. எதையாவது தொட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்குது. மனுஷன் ஆஜரும் ஆகலை, காவல்லயும் இல்லை. மிச்சம் அது ஒண்ணுதானே?”

“என்னைக் கேட்டிருக்கலாமே!”

“கேட்டேனே. பட்டியல் முடிஞ்சாச்சு, சும்மா நச்சரிக்காதீங்கன்னு வள்ளுனு விழுந்தீங்க.”

பூட்டு அப்படிச் சொல்லியிருப்பாள். அந்த நாட்களில் கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்தான்.

“உங்க சண்டையை அப்புறம் வச்சுக்குங்க” என்றாள் சிப்பாயின் மனைவி. “மத்தியானம் தீர்ப்பாம். ஓடிப்போனவர்னு வேலையை விட்டுத் தூக்கிட்டா கட்டிலைக் காலி பண்ணணுமாம். கட்டில் போனா அந்த மெஷினும் போயிடும். மெஷின் போனா...” அவள் திரையைக் காட்டினாள். “மாத்துங்க மேடம். நீங்க செஞ்சதுதானே?”

“நான் செஞ்சதாலதாம்மா மாத்த முடியலை.”

ஆஸ்பத்திரிச் சான்றிதழை ஏற்றிப் பார்த்தாள். தலைமறைவானவர் தரப்பு ஆவணம் ஏற்கப்படாது என்றது திரை. மனு போட்டுப் பார்த்தாள். முதலில் சரணடையவும் என்றது. ஒவ்வொரு கதவையும் அவளே பார்த்துப் பார்த்து அடைத்திருந்தாள். கடைசியில், செருப்பு ஒரு பக்கம் இழுக்க, நீதிபதியாக இருந்த கர்னலின் அறைக்கு ஓடினாள்.

கர்னல் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். “நம்புறேன்மா. முழுசா நம்புறேன். ஆனா என் நம்பிக்கையைப் பதிய உங்க அமைப்புல இடம் இருக்கா?”

“தீர்ப்பையாவது தள்ளி வைங்க சார்.”

“தலைமறைவு வழக்கைத் தள்ளிவைக்கப் பொத்தான் இல்லை. காலையிலேர்ந்து நானும் தேடிட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன்னெல்லாம் மேலிடத்துலேர்ந்து ஒரு போன் வந்தா ராவோட ராவா கோப்பு மாறிடும். அதை நிறுத்தத்தான் உங்களைக் கூப்பிட்டோம். நல்லாத்தான் நிறுத்தியிருக்கீங்க. அதுசரி, சரணடையறதுன்னா என்னன்னு எழுதி வச்சிருக்கீங்க?”

“காவலர் கைது பண்ணி, விரல் ரேகையைக் கருவியில பதியணும்.”

“கைதாகிறவர் நடந்து வரணும்னு எழுதியிருக்கா?”

பூட்டு அவரையே பார்த்தாள். அப்படி அவள் எழுதவில்லை.

பூட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த இரண்டு காவலர்களும் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். “பேச்சு மூச்சு இல்லாதவரை எப்படி மேடம் கைது பண்றது?” என்றான் மூத்தவன். “பாவம் சுத்திக்கும்.”

சிப்பாயின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எம் புருஷனைக் கைது பண்ணுங்கண்ணே. தீர்ப்பு சொல்லிடப் போறாங்க!”

அவனால் சிப்பாயின் விரலைத் தொட முடியவில்லை. அவளே தொட்டாள். வீங்கிப்போயிருந்த கட்டை விரலைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக் கருவியில் அழுத்தினாள். ஏற்கவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்து மறுபடி அழுத்தினாள். “கொஞ்சம் ஒத்துழைங்களேன்” என்று கணவன் காதில் சொன்னாள், குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறவள் மாதிரி. கருவி பச்சையாக மின்னியது. பூட்டின் கைபேசியில் ‘காவலில்’ என்று வந்தது. தீர்ப்பு நின்றது.

“கட்டில் நிக்குமா?” என்றாள் அவள்.

“நிக்கும்மா. விசாரணை முடியற வரைக்கும் வைத்தியம் அரசாங்கப் பொறுப்பு.”

அவள் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூத்த காவலன் தொண்டையைக் கனைத்தான். கையில் விலங்கு இருந்தது.

“தங்கச்சி, நீங்க வெளியே போகணும்.”

“எதுக்குண்ணே?”

“கைதி ஆயிட்டார். அனுமதி இல்லாம சொந்தக்காரங்க உள்ளே இருக்கக்கூடாது.”

“சரி, அனுமதி வாங்கித் தாங்க அக்கா” என்றாள் பூட்டிடம். மேடம் எப்போது அக்காவானாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

பூட்டு கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். யார் யார் தன்னைப் பார்க்க வரலாம் என்று கைதிதான் தன் வாயால் சொல்ல வேண்டும். கைதிகளை யாரும் மிரட்டக்கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்த விதி.

“அவர் சொல்லணும்மா” என்றாள்.

சிப்பாயின் மனைவி கத்தவில்லை. மெதுவாக எழுந்து இரண்டு கைகளையும் சேர்த்துக் காவலன் முன்னால் நீட்டினாள்.

“அவரை ஒளிச்சு வச்சது நான்தான்னு எழுதிக்குங்கண்ணே. என்னையும் புடிச்சு இங்கேயே போடுங்க.”

காவலன் பூட்டைப் பார்த்தான். அவளோ கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்படி எழுதத் தன் அமைப்பில் எங்காவது இடம் விட்டிருக்கிறாளா என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தாள்.