காட்டிக் கொடுத்தவர்

"உன் தாத்தா எங்கப்பாவ ஜப்பான்காரன்கிட்ட காட்டிக் குடுத்தவரு. நீ எனக்கு மருமகளா வேணாம்லா." நான் விரும்பிய சிவானந்தத்தின் அம்மா நல்லம்மாள் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். 1986இல், கல்யாணம் பேசப் போன இடத்தில்.

எனக்கு வந்ததே கோபம்! என் அப்பப்பா மலாயாவில் கெர்லிங் பக்கத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. யுத்த காலத்தில், போனவர் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, தோட்டத்து ஆட்களைப் பிடித்துக் கொடுத்து யாழ்ப்பாணத்துக் கிராணிமாரில் சிலர் பெயர் கெட்டது உண்மைதான். அதற்காக எல்லோர் மேலுமா பழி? ஆனால் அவர் அப்படியில்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றி யாரும் கதைக்க மாட்டார்கள். அதுதான் பயம்.

நல்லம்மாளின் அப்பாவும் வேலை செய்த அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்களில் செல்லன் ஒருவர்தான் மிச்சம். புக்கிட் பெலிம்பிங்கில் மகள் வீட்டில் இருந்தார்.

"அவரிட்டயே போய்க் கேப்பம். ஓமெண்டு சொன்னால் நான் விலகிடுறன்," என்றேன். என் வாயில் சனி. நல்லம்மாளும் விடாமல் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் சிவானந்தம் என் பக்கம் திரும்பவே இல்லை.

செல்லன் யோசிக்கக்கூட இல்லை. "ஆமா, கிராணிதான் காட்டிக் குடுத்தாரு."

நல்லம்மாள் எழுந்துவிட்டார். "கேட்டியாடா? போலாம்லா."

"அவரு மட்டும் காட்டிக் குடுக்கலன்னா ஒங்கப்பனும் நானும் அன்னைக்கே லோரியில ஏறிருப்போம்," என்றார் செல்லன்.

நல்லம்மாள் நின்றார். "எதக் காட்டிக் குடுத்தாரு, மாமா?"

"வழியத்தான்! லோரி வருதுன்னு தெரிஞ்சதும் எங்கள இழுத்துக்கிட்டுப் போயி, ஆத்தக் கடக்கிற எடத்தக் காட்டிக் குடுத்தாரு. ஒங்கம்மாகிட்டயும் இதத்தான சொன்னேன்."

"அம்மா சொன்னத நான் வேற மாதிரில்ல..." அவர் மறுபடி உட்கார்ந்தார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்த திமிர். "அப்ப இவவின்ர அப்பா எப்பிடிப் பிடிபட்டவர்?"

"வாகீ, போதும்," என்று சிவானந்தம் என் கையை அழுத்தினான். நானா அடங்குவேன்? "சொல்லுங்கோ."

செல்லன் தரையைப் பார்த்தார். "திரும்பிப் போனான். சட்டையப் புடிச்சு இழுத்தேன், கேக்கல. லயத்து வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சலு, பாத்துட்டு வந்துர்றேன்னான்."

பிள்ளை என்று அந்த அப்பாவுக்கு இருந்தது நல்லம்மாள் ஒருவர்தான்.

என் அப்பப்பா கெட்டவராகவே இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

"என்னயப் பாத்தாரா?" என்று நல்லம்மாள் கேட்டார்.

"பாத்தான் தாயி. ஒன்னத் தூக்கி வெச்சிருந்தப்பத்தான் வந்து புடிச்சானுங்களாம். ஒன்ன ஒங்கம்மா கையில குடுத்துட்டுப் போனவன்தான்."

பஸ் நிற்கும் இடத்துக்கு நல்லம்மாள் எங்களுக்கு முன்னால் நடந்தார். அங்கே என்னைப் பார்த்துத் திரும்பினார். "நாப்பது வருசமா ஒரு நல்ல மனுசனத் திட்டித் தீத்தேன். இனிமே நான் யாரத் திட்டுவேன், சொல்லு?"

"என்னைத் திட்டுங்கோ, மாமி."

"திட்டாம விடுவேனா ஒன்ன?" என்று சொல்லி, என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார்.