பானெட்டில் வைத்த மூக்கு

பானெட்டை வெட்டி மூக்கு வைத்த காரைப் பார்க்க பிளாக்கே கூடியிருந்தது. இளவேனில் மட்டும் வெளியே வரவில்லை. நல்லா இருக்கும் பானெட்டைக் கிழித்து அதன்மேல் தகரத்தை வளைத்து வைத்துவிட்டு ஸ்கூப் என்று பேர் சொல்லும் மனுஷனை என்ன செய்வது? கட்டிக்கொண்டாயிற்று.

அவள் புருஷன் செங்குட்டுவன் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பெல்ட் செக்ஷன் ஃபிட்டர், பெர்மனென்ட். ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன ஓர் ஆபீசரிடம் அந்தப் பழைய கான்டெஸா காரை வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு அது இரண்டாவது சம்சாரம். ஒரே பிள்ளை வளவன் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபிறகு கேட்கவே வேண்டாம், ஷிப்ட் முடிந்து வந்தால் சோறுகூட அப்புறம்தான். நெய்வேலி வெயிலில் பானெட்டுக்குள் காற்று கொதிக்கிறது, கொதிக்கிற காற்றைக் குடித்தால் என்ஜினுக்கு ஏது தெம்பு என்பது அவன் கட்சி. போன கோடையில் என்ஜினுக்குக் காற்று போகும் ஃபில்டரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி, அதன் வாயை முன் பம்பருக்குக் கீழே கொண்டுவந்து வைத்தான். தரையோடு போகும் குளிர்ந்த காற்றை இனி வண்டி குடிக்கும் என்றான். கக்கூஸ் குழாயைக் காருக்கு மாட்டியவன் என்று பிளாக்கில் கேலி செய்தார்கள். ஆனால் வண்டி முன்னைவிடப் பாய்ந்து போனது உண்மை.

ஐப்பசியில் அடைமழை. வளையமாதேவியிலிருந்து இளவேனிலின் தம்பி அய்யனார் மத்தியானம் போன் செய்தான். காலையில் கஞ்சி குடித்த அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு இழுக்கிறது, உடனே வா என்றான். பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் இளவேனில். நம்ம வண்டி இருக்க பஸ் எதற்கு என்று செங்குட்டுவன் சாவியை எடுத்தான்.

வழியில் தாழ்வான ஓர் இடத்தில் ரோட்டின்மேல் தண்ணீர் ஓடியது. முன்னால் போன பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் வந்த குட்டியானை லோடு வண்டியும் போனது. கான்டெஸா மட்டும் நட்டநடுவில் 'தட்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது, அதற்குப்பிறகு அசையவில்லை. பழைய வண்டி, என்ன பண்ணுவது என்றான். முழங்கால் தண்ணீரில் நடந்து, ஒரு டிராக்டரைப் பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு வாய்க்கட்டு கட்டியிருந்தார்கள். உயிர் போகும் நேரத்தில் பெற்ற மகள் வாயில் ஊற்ற வேண்டிய பால் சொம்பில் ஆறிக் கிடந்தது.

இளவேனில் அழவில்லை. நேரே தம்பியிடம் போனாள். காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். காலையில் நன்றாகத்தானே இருந்தது என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வாசலில் குனிந்து இரண்டு கை மண்ணை வாரினாள்.

"எங்கம்மா வாயில பால் ஊத்த வுடாம பண்ணவன் வூடு வெளங்காது. அவன் புள்ள தலையெடுக்காது."

சொல்லித் தூற்றிவிட்டாள். ஊர் பார்த்தது. அய்யனாரின் மனைவி இசைப்பிரியா கைக்குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். செங்குட்டுவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அதோடு அக்கா தம்பி பேச்சு அறுந்தது. கருமகாரியத்துக்கு வந்தவள் மூன்றாம் மனுஷி போல உட்கார்ந்திருந்துவிட்டு, தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்துவிட்டு அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன் அய்யனார். ஷிப்ட் மாறும்போது கேட்டில் மாமனைப் பார்த்தால், அக்கா எப்படி இருக்கு என்று கேட்பான். இருக்கா என்று சொல்லிவிட்டு செங்குட்டுவன் நடையைக் கட்டுவான்.

இப்போது மாசி. என்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, குழாயைப் பிடுங்கிவிட்டு, மூக்கும் வைத்தாகிவிட்டது. பின்பக்கம் துணி காயப்போட வந்த இளவேனிலின் காதில் பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாங்கத்தின் குரல் விழுந்தது. கீழே இருந்ததை ஏன் மேலே கொண்டுபோனீர்கள் என்று கேட்டார் அவர்.

"மேல இருந்தா தண்ணி குடிக்காதுங்க. இனிமே பம்பர் முழுவுற தண்ணில போனாலும் வண்டி நிக்காது" என்றான் செங்குட்டுவன். தான் செய்த வேலையின் பெருமை குரலில் இருந்தது.

இளவேனில் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழியவும் இல்லை, கொடியில் போடவும் இல்லை. பஸ் போனது, குட்டியானை போனது, நம்ம வண்டி மட்டும் ஏன் போகவில்லை என்று அன்றே கேட்டவள்தான் அவள். ராஜாங்கம் போகும்வரை பொறுத்திருந்து கணவனை உள்ளே கூப்பிட்டாள்.

"அன்னைக்கு அந்தக் கொழாவழியா வண்டி தண்ணிய குடிச்சிதா?"

அவன் தலை குனிந்தான். வண்டி நின்ற அந்த நிமிஷமே தெரியும் என்றான். ஊருக்குப் போனதும் சொல்லத்தான் நினைத்தானாம்.

"நீ மண்ண வாரிக்கினு நின்ன. எனக்கு வாய் வரல இளவேனி."

குழாய் வைத்தது புத்திகெட்டதனம், அதை மன்னிக்கலாம். இத்தனை மாதம் ஒன்றும் தெரியாதவன் போல எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டானே, அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம்; இவள் கொட்டியது சொல்லாயிற்றே. நீயே போய் உன் தம்பியிடம் சொல்லிவிடு என்றான் அவன்.

"நான் ஊர் கேக்கத் தூத்தினேன். நீ ஊர் கேக்க சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்தான் போனார்கள். காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்காளைக் கண்டதும் அய்யனார் கட்டிலிலிருந்து எழுந்து நின்றான். எதிர்வீட்டு இசக்கியம்மாள் வாசலுக்கு வந்தாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். செங்குட்டுவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குழாயைச் சொன்னான், தண்ணீரைச் சொன்னான், வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னான்.

அய்யனார் மாமனை நெருங்கி வந்தான். அவன் சட்டையைப் பிடித்தாலும் நியாயம்தான் என்று இளவேனில் நினைத்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது மாமா" என்றான் அய்யனார். "புள்ளைக்கு ஒடம்பு சூடு கண்டாலே அக்கா தூத்தன மண்ணுதான்னு அழுதுக்கினு கெடக்கறா. அவகிட்ட சொல்லுங்க."

இசைப்பிரியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். செங்குட்டுவன் அவளிடமும் முதலிலிருந்து சொன்னான். கேட்டு முடித்தவள் அவனைப் பார்க்கவே இல்லை, இளவேனிலைத்தான் பார்த்தாள்.

"அப்ப அது எங்களச் சேராதா அண்ணி?"

பால் ஊற்றவிடாமல் செய்தவன் என்றுதான் இளவேனில் அன்றைக்குச் சொன்னாள், பேர் சொல்லவில்லை. அவன் பிள்ளை என்றாள். செங்குட்டுவனுக்கும் பிள்ளை ஒன்றுதான், அவள் பெற்ற வளவன். இவ்வளவு நாள் அவனுக்கு வாய் வராமல் போனதன் காரணம் அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"சேராதும்மா" என்றாள். "உம் புள்ளைய சேராது."

இசைப்பிரியா அத்தனை மாதப் பயத்தையும் சேர்த்து உடைந்து அழுதாள். இளவேனில் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் தலையில் தன் கையாலேயே மண்ணைத் தூற்றியவள், அடுத்தவள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள்.