அம்மா சொன்ன பக்கம்

திமிங்கிலம், யானை, மனிதன் என்று முடி குறைந்த பாலூட்டிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. குரங்குக்கு இருக்கும் மயிர்க்கால்கள் ஏறக்குறைய அத்தனையும் நமக்கும் உண்டு. முடிதான் பூனைமயிராகச் சுருங்கிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை.

அண்ணன் மகள் தலை நிறைய முடியோடு பிறந்தவள். சில மாதங்களிலேயே அத்தனையும் கொட்டிவிட்டது. புருவம்கூட மிஞ்சவில்லை. அம்மா பழியைத் தூக்கி அண்ணி தலையில் போட்டாள்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. இது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் வேற வாயத் தொறந்து சொல்லணுமா?"

அண்ணன் காதில் விழாதவன்போல எழுந்து போய்விடுவான். நான்தான் பொறுக்கமாட்டாமல் அண்ணன், அண்ணி, குழந்தை மூன்று பேரையும் மரபணுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முடிவு வந்த அன்று சமையலறையிலேயே அம்மாவிடம் போட்டு உடைத்தேன்.

"ஒரே மரபணுவுக்கு ரெண்டு பிரதி, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு வரும். ரெண்டும் பழுதா இருந்தாதான் இப்படி ஆகும். அண்ணன்கிட்டயும் ஒரு பழுது இருக்கும்மா. அது நம்ம பக்கம்."

"என் தலையப் பாத்துட்டுப் பேசுடி!"

"ஒண்ணு நல்லா இருந்தா வெளியே தெரியாதும்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வாசற்படியில் அண்ணி குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். வெளிறித்தான் போயிற்று.

"அடுத்த குழந்தைக்கும் வருமா?"

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. ஏன் அண்ணி?"

அவள் வயிற்றில் கை வைத்தாள்.

எனக்குப் பதறிவிட்டது. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "மனுஷங்க எல்லாருக்குமே லட்சக்கணக்கான வருஷத்துல முடி போனதுதானே அண்ணி" என்றேன்.

"உங்களுக்கெல்லாம் சேர்ந்து போச்சு. இவளுக்குத் தனியாப் போச்சு."

"வயித்துல இருக்கும்போதே டெஸ்ட் பண்ணலாம்."

"பண்ணி, இருக்குன்னு வந்தா? இவள மாதிரி இன்னொண்ணு வேணாம்னு இவளை இடுப்புல வச்சுக்கிட்டே சொல்லவா?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணி உட்காரவில்லை.

கடைசிவரை அவள் அந்தப் பரிசோதனைக்கு வரவில்லை. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. வம்சப் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். எனக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஆய்வகத்துக்குப் போகும்போதெல்லாம் நினைக்கிறேன். இன்றுவரை கொடுக்கவில்லை.