அரைப் பேர்

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி நழுவிவிட்டது. வேலாயி பெட்டியின் கால்மாட்டில் குனிந்து அதை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தபோது, இஸ்தோப்புத் திண்ணை வாசலில் யாரோ சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. கண்டி ஆபீஸ் ஆள்தான் என்று நிமிராமலே தெரிந்தது.

விவேகானந்தன் உள்ளே வந்தார். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர். யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு வருஷம் அவள் புருஷன் மருதமுத்துவோடு ஒரே மேசையில் இருந்து வேலை பார்த்தவர். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடித்த சங்கக் கொடி. பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முந்தநாளும் ஆஸ்பத்திரியில இருந்து போனில கதைச்சவர் அக்கா. சனிக்கிழமை கட்டாயம் ஆபீசுக்கு வாறன் எண்டவர்."

"சொன்னா வந்திருவாரு. இந்த ஒரு தடவதான்" என்றாள் வேலாயி.

அவர் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"செத்த வீட்டில கேக்கிற கதையில்லை. வேற வழியில்லை அக்கா. மாகாண சபைக்கு நிக்கிற ஆக்களின்ட பட்டியல் நாளைக்குக் காலமை கொழும்புக்குப் போகவேணும். இந்தப் பக்கத்துக்கு மருதமுத்தர் சொல்லுற ஆள்தான் எண்டு தலைமை சொல்லிப்போட்டுது. தினுஷனைப் போடுவமோ, இன்னும் கொஞ்சக் காலம் விட்டுப் பிடிப்பமோ எண்டு அவர் முடிவு சொல்லேல்ல. கடைசி நேரம் நீங்கள்தானே பக்கத்தில நிண்டது. ஏதும் பேர் சொன்னவரோ?"

வேலாயி முந்தானையால் புருஷனின் நெற்றியில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

தினுஷன் அவளுடைய நாத்தனார் மகன். தாய் போனபோது ஒன்பது வயது. இந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் வளர்ந்தான். இருபத்தொன்பது வயதில் பிரதேச சபை உறுப்பினர். சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். தோட்டத்துத் துரையோடு நின்று பேசுவான், உட்கார்ந்தும் பேசுவான். போன வருஷம் மேல் லயத்தில் மண் சரிந்தபோது நகம் பிய்ந்து போகும்வரை வெறுங்கையால் தோண்டியவன் அவன். அடுத்த நாளே அந்தக் கைக்கட்டோடு கமெராவுக்கு முன்னால் நின்று, தைப்பொங்கலுக்குள் எல்லாருக்கும் வீடு என்று சத்தியம் பண்ணியவனும் அவன்தான். பொங்கல் போனது, சித்திரை வருஷமும் போனது. பதினோரு குடும்பம் இன்னும் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவக் கொட்டகையில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிறது. மருதமுத்து தினமும் அந்தப் பக்கம் போய்வந்தார். தினுஷன் டீவியில் விவாதத்துக்குப் போய்வந்தான்.

முந்தாநாள் பின்னேரம் கண்டி ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்த பிறகு, அவள்தான் கேட்டாள்.

"ஏங்க, நம்ம பயலுக்கு என்ன போட்டிருக்கீங்க? முழுப் பேரா?"

மருதமுத்து மூக்குக் குழாயை விலக்கிவிட்டுச் சிரித்தார்.

"அரைப் பேரு."

"நம்ம புள்ளைக்கேவா?"

"நம்ம புள்ளைன்னா தராசு பொய் சொல்லுமா? நெறுத்துட்டுத்தான் சொல்றேன்."

பிறகு தூங்கிப்போனார். அந்தத் தூக்கம் விடியவே இல்லை.

"அக்கா?" என்றார் விவேகானந்தன்.

"சொன்னாரு" என்றாள்.

"ஆரின்ட பேர்?"

"பேரு இல்லைங்கய்யா. அரைப் பேரு."

விவேகானந்தன் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "அரைப் பேரோ... ஐயோ. 'தினு' எண்டு தொடங்கினவர், மிச்சத்தைச் சொல்ல ஏலாமப் போச்சு, என்ன?"

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது வாசலில் தப்பு முழங்கத் தொடங்கிவிட்டது. விவேகானந்தன் போனைக் காதில் வைத்து மற்றக் காதைப் பொத்திக்கொண்டு இஸ்தோப்பில் நின்றார்.

"ஓம் ஓம், சொல்லிப்போட்டார். அரைப் பேரோட மூச்சு நிண்டிட்டுது... ஓம், தினுஷன்தான்... நான் இண்டைக்கே அனுப்பிறன்."

கையை எட்டி அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். வேலாயி துணியின் முடிச்சைப் பிடித்தபடி இருந்தாள்.

குழி வெட்டும் இடத்திலிருந்து தினுஷன் வந்தான். வேட்டி முழங்கால்வரை செம்மண். வழியெல்லாம் ஆட்கள் அவன் கையைப் பிடித்து என்னவோ சொன்னார்கள். அவன் முகத்தில் துக்கமும் வேறொன்றும் சேர்ந்து கிடந்தன. அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போனான்.

"அத்தே, மாமா என் பேரச் சொல்லித்தான் போனாராமே. செயலாளரு சொல்றாரு."

"அவரு சொல்றாரா?"

"நீங்கதானே அவருகிட்ட சொன்னீங்க?"

"நான் சொன்னது வேற. அவருக்கு வெளங்கினது வேற." அவள் கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கினாள். "உங்க மாமா அரைப் பேருன்னு சொன்னாரு."

அவனுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தோட்டம் கேட்கிற கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால், விடியக்காலையிலிருந்து மலையில் நின்றிருந்தாலும் அன்றைக்கு அரைப் பேர்தான்; பாதிச் சம்பளம். அவனுடைய தாய் மழை நாட்களில் அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்து, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுப்பாள்.

"செயலாளருக்கு அதுக்கு அர்த்தம் தெரியாதா?"

"மலையில கூடை தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கொழும்புக்கே சொல்லிட்டாரு அத்தே."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

வெளியே மைக்கை யாரோ ஊதிப் பார்த்தார்கள்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"என்னைக் கேக்காத."

"நீங்க சும்மா இருந்தாப் போதும்" என்றான். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேத்தலைப் பார்த்தான்.

"சும்மாத்தான்டா இருக்கப் போறேன். உன்னைய வெட்டியும் பேச மாட்டேன், ஒட்டியும் பேச மாட்டேன். போ. ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அவன் போன பிறகு கேத்தலைச் சரித்தாள். தேத்தண்ணி பாதி கோப்பையிலும் பாதி தரையிலுமாக விழுந்தது. அவர் கடைசியாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான். அதை இத்தனை பேருக்கு முன்னால் வேறொன்றாக மாற்றிப் புதைக்கப் போகிறார்கள். அதைத் தடுக்க வேண்டுமென்றால் வளர்த்தவனை நடு வாசலில் வைத்து வெட்ட வேண்டும்.

பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வாங்குப் பலகையின் மேல் வைத்தார்கள். மேலே மலை தெரியாமல் மூட்டம். பெண்கள் ஒரு பக்கம் குந்தியிருந்தார்கள். மடுவத்துக் குடும்பங்களும் வந்திருந்தன. அவர்கள் பின்னால், தண்ணீர்க் கானோரமாக நின்றார்கள்.

விவேகானந்தன் நன்றாகப் பேசினார். மருதமுத்துவோடு லொறியில் போனது, மறியலில் கம்பிக்குள் கிடந்தது, ஒரு பாண் ரொட்டியை நான்கு பேர் பிய்த்துத் தின்றது. பெண்கள் அழுதார்கள். பிறகு குரல் மாறியது.

"தன்னுடைய இறுதி மூச்சிலும் தலைவர் உங்களைத்தான் நினைத்தார். தனக்குப் பின் யார் என்று கேட்டபோது, 'தினு' என்று அரைப் பேர் சொல்லி..."

அரைப் பேர் என்றதும் குந்தியிருந்த பெண்களின் தலைகள் ஒருசேர நிமிர்ந்தன. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். செயலாளர் 'தினு' என்பதை இன்னொரு தடவை, விம்மலோடு சொன்னார். தலைகள் மெல்லத் தாழ்ந்தன. சரி, அப்படியா என்பது போல.

"அந்த மருமகனே இப்போது தலைவருக்குக் கொடி போர்த்துவார்."

எல்லாருக்கும் அது தெரியும். இந்தத் தோட்டத்தில் கொடி போர்த்துகிறவன்தான் அடுத்த ஆள்.

தினுஷன் கொடியை வாங்கினான். விரித்தான். இரண்டு எட்டு வைத்தான். பெட்டிக்கு அந்தப் பக்கம் வேலாயி நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவும் இல்லை, தலையை ஆட்டவும் இல்லை. தப்பு அடிக்கிறவர்கள் குச்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவன் திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தான்.

"செயலாளர் சேர் சொன்னதுல..." மேடைப் பேச்சு வரவில்லை. "ஒரு சின்னப் பிழை. மாமா என் பேரச் சொல்லல. எனக்கு அரைப் பேருன்னு சொன்னாரு."

விவேகானந்தன் அவன் முழங்கையைப் பற்றினார்.

"தம்பி, விசர்க்கதை கதைக்காதையும். நாளைக்குப் பட்டியல் போகுது."

அவர் அடக்கிப் பேசியதும் மைக்கில் விழுந்து வாசல் முழுக்கக் கேட்டது.

கானோரமிருந்து ஒரு குரல் வந்தது. றஞ்சனா. மண் சரிவில் மாமியாரைப் பறிகொடுத்தவள்.

"ஏன்டா தினுஷா, எத்தன கிலோ கொறையுது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செத்த வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்தினார்கள். தினுஷன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கொடியைப் பார்த்தான்.

"பதினோரு வீடு" என்றான்.

மைக்கைக் கீழே வைத்தான். அது உருண்டு போய்ச் சத்தம் போட்டது. யாரும் எடுக்கவில்லை. றஞ்சனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கானைத் தாண்டி முன்னால் வந்து, பெண்களோடு குந்தினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

விவேகானந்தன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வேலாயியிடம் வந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"அக்கா, எனக்கு அந்தச் சொல் தெரியாமப் போச்சு. நான் இப்ப அங்கை என்னத்தைச் சொல்ல? அரைப் பேர் எண்டே சொல்லட்டோ?"

வேலாயி பெட்டிக்குள் பார்த்தாள். மூக்குக் குழாய் இருந்த தடம் கன்னத்தில் இன்னும் இருந்தது.

"அது முந்தாநாள் நெறுத்ததுங்கய்யா. இன்னைக்கு இன்னும் நெறுக்கல" என்றாள்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நின்றார்.

தினுஷன் கொடியோடு அதே இடத்தில் நின்றான். போர்த்துவதா, யாரிடமாவது கொடுப்பதா என்று தெரியாத நிற்பு. வேலாயி கையை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் புடி."

இருவரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துத் தாழ்த்தினார்கள். தப்பு தொடங்கியது. கொடி நெஞ்சை மூடியது, கட்டிய கையை மூடியது, முழங்காலோடு நின்றுவிட்டது. கீழே பாதங்கள் இரண்டும் துணி முடிச்சோடு வெளியே தெரிந்தன. தினுஷன் குனிந்து கொடியை இழுத்துவிடப் போனான்.

"விடு" என்றாள் வேலாயி. "அது அவ்வளவுதான் எட்டும்."

தூறல் விழத் தொடங்கியது. அவன் கையை எடுத்துக்கொண்டு பெட்டியின் கால்மாட்டில் குனிந்து, தோள் கொடுத்தான்.