ஐந்து வட்டங்கள்

மார்கிலான் ஊரில் மூன்று மல்பெரி என்ற தெருவில் மிர்ஸோஹித்தின் பூட்ஸ் நாடாவைக் கட்டிவிடக் காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும். மிர்ஸோஹித்துக்குப் பத்தொன்பது வயது. வலது கை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். எந்த விஷயமும் அவன் தலைக்குள் மெதுவாகத்தான் போகும். உள்ளே போனது பிறகு வெளியே வராது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு கை உதவினால் புண்ணியம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இடது நாடா இஸ்மத்துல்லா தாத்தாவுக்கு, வலது நாடா பட்டு ஆலைக் காவல்காரருக்கு, சட்டைப் பொத்தான்கள் மேலிருந்து கீழாக ஆறு வீடுகளுக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். நோன்பு மாதத்தில் கூட்டம் தாங்காது; ஒரே பொத்தானைக் கழற்றிக் கழற்றி நாலு பேர் போட்டார்கள். கோகண்டிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து, அவன் தொப்பியை மட்டும் நேராக வைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார்.

இத்தனை பேர் உதவியதில் மிர்ஸோஹித்துக்கு எந்த பூட்ஸ் எந்தக் காலுக்கு என்பதே தெரியாமல் போயிற்று.

இதைக் கவனித்தவள் ஹுமய்ரோ. சிறப்புப் பள்ளியில் பதினோரு வருடமாக ஆசிரியை. அத்தனை வருடத்தில் அவளிடம் படித்த ஒரு பிள்ளைகூட வேலைக்குப் போனதில்லை. எல்லோரும் வீட்டுக்குத்தான் போனார்கள். மிர்ஸோஹித்துக்கோ ரொட்டி வேலை என்றால் உயிர். தந்தூர் அடுப்புக்குள் அப்புவதற்கு முன் ரொட்டியின் நடுவில் முள்கட்டையால் பூக்குத்துவார்கள் இல்லையா, அதை ஒருநாள் தெருமுனைக் கடையில் அவனைச் செய்யவிட்டார்கள். நிறுத்தச் சொல்ல மறந்துபோனார்கள். சாயங்காலம் பார்த்தால் எண்ணூறு ரொட்டி. எல்லாவற்றிலும் பூ நட்டநடுவில்.

ஃபெர்கானாவில் தொழிற்பள்ளி ஒன்று ரொட்டி வகுப்பு நடத்தியது. அதில் சேர ஒரே நிபந்தனை: தானே உடுத்த வேண்டும், தானே நாடா கட்ட வேண்டும், தானே கைகழுவிச் சாப்பிட வேண்டும், தானே பஸ் ஏற வேண்டும், அலுவலகம் மூடுவதற்குள் தானே வந்து சேர வேண்டும். ஐந்துக்கு ஐந்து. சேர்க்கைக் குழு கூடுவது ஜூனில் ஒரு நாள். இருபது நிரம்பியவர்களை எடுப்பதில்லை. மிர்ஸோஹித்துக்கு அக்டோபரில் இருபது.

ஹுமய்ரோ ஓர் அட்டையில் ஐந்து படம் வரைந்து அவன் கையில் கொடுத்தாள். "தனியா செஞ்சா வட்டம். யாராச்சும் தொட்டா கோடு. நான் போடமாட்டேன், உங்கம்மா போடமாட்டாங்க. உன் மார்க்கை நீயேதான் போட்டுக்கணும்."

"பொய் போட்டா?"

"போடு. யாருக்குத் தெரியும்?"

மிர்ஸோஹித் இரண்டு நாள் யோசித்தான். "எனக்குத் தெரியுமே அக்கா," என்றான்.

முதல் வாரம் முழுக்கக் கோடுகள். தெருக்காரர்களை டீக்கடையில் கூட்டி, இனி யாரும் அவனுக்கு உதவக் கூடாது என்று ஹுமய்ரோ சொன்னாள். டீக்கிண்ணங்கள் அப்படியே நின்றன.

"அம்மாடி, எங்க புண்ணியத்துல மண்ணள்ளிப் போடுறியே!" என்றார் இஸ்மத்துல்லா தாத்தா. "எனக்கு எண்பத்தொண்ணு. இனிமே எங்கபோய்ச் சம்பாதிப்பேன்?"

"உங்க வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்க தாத்தா. பாட்டிக்கு உதவின மாதிரி இருக்கும்."

"அது புண்ணியத்துல சேராது. அது பயத்துல சேரும்."

எல்லோரும் தலையாட்டிவிட்டு மறுநாளே திருட்டுத்தனம் ஆரம்பித்தார்கள். அவன் தொப்பியைத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். காவல்காரர் கண் தெரியாதவர் போல நடித்து, தடவித்தடவி வந்து நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். மிர்ஸோஹித்தின் அம்மா மஸ்துரா அவன் தூங்கும்போதே சட்டையை மாட்டிவிட்டாள்.

பத்தாவது நாள் மிர்ஸோஹித் ஹுமய்ரோவிடம் வந்து நாற்பத்துமூன்று அட்டை கேட்டான்.

"எதுக்குடா?"

"தெருவுக்கு."

ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தான். சாயங்காலம் வாசல்வாசலாகப் போய் நின்றான். "இன்னிக்கு என் தொப்பிய எடுத்தீங்க. கோடு." "நீங்க கையக் கட்டிட்டு நின்னீங்க. வட்டம்." யார் கெஞ்சினாலும் மாற்றமாட்டான். இரண்டு வாரத்தில் தெருவே வட்டத்துக்கு அடித்துக்கொண்டது. சிலர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடமாடிப் பழகி, கல்யாண விருந்தில்கூட யாராவது ஊட்டிவிட வேண்டியதாயிற்று. ஹுமய்ரோவுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. அதில்தான் கோடுகள் அதிகம்.

"நான் உன்னைத் தொடவேயில்லையேடா!"

"உங்களுக்குக் கை இல்லக்கா, வாய். நான் யோசிக்கறதுக்குள்ள சொல்லிடறீங்க."

அவள் பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்தவள். வாயை மூடுவதற்கு மேலும் மூன்று வாரம் பிடித்தது.

ஜூன் மாதம் அந்த நாள் வந்தது. ஹுமய்ரோ முன்னாலேயே ஃபெர்கானாவுக்குப் போய்க் குழுவின் அறையில் உட்கார்ந்துவிட்டாள். மிர்ஸோஹித் ஆறு மணிக்கு உடுத்த ஆரம்பித்து எட்டு மணிக்குப் பஸ் நிறுத்தம் வந்தான். ஐம்பது அடி பின்னால் தெரு முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தது. பஸ் வந்த நேரம் பார்த்து நாடா அவிழ்ந்தது. மிர்ஸோஹித் குனிந்தான். நாடா கட்ட அவனுக்குக் கால் மணி ஆகும். பஸ் உறுமியது. இஸ்மத்துல்லா தாத்தா மெதுவாகப் போய்ப் பஸ்ஸின் முன்னால் நின்று, விளக்கில் ஏதோ பூச்சி இருப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

"ஓய் பெரிசு, நகரும்!" என்றார் டிரைவர்.

"இருப்பா. இது அபூர்வமான பூச்சி."

பதினைந்து நிமிடம் பார்த்தார். மிர்ஸோஹித் முடிச்சை இழுத்துவிட்டு ஏறினான்.

ஒன்பதரைக்குக் குழுவின் முன் நின்றான். தலைவி ஸும்ரத் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். சட்டை சரி, பூட்ஸ் சரி, கை சுத்தம். பேனாவைத் திறந்தாள். அப்போது அவன் தன் அட்டையை மேசையில் வைத்தான். நாலு வட்டம். பஸ் படத்துக்கு எதிரே ஒரு கோடு.

ஸும்ரத் அம்மாள் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது யார் போட்டது?"

"நான்."

"ஏன் கோடு?"

"தாத்தா பஸ்ஸ நிறுத்தி வெச்சாரு. பூச்சின்னு சொன்னாரு. பூச்சி இல்ல."

ஸும்ரத் அம்மாள் பேனாவை மூடினாள். பிறகு, "தம்பி, ஐந்துக்கு ஐந்து வேணும். நான் வெச்ச சட்டமில்ல. நீ இதைக் காட்டாம இருந்திருக்கலாம்," என்றாள்.

"நீங்க எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"அஞ்சு."

"அப்ப மறுபடி வரேன்," என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஹுமய்ரோ எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். அறையில் நாலு பிள்ளைகள் வந்து போனார்கள். மதியம் குழு புலாவ் சாப்பிட்டது. அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள், அவள் கேரட்டை மட்டும் ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி. மூன்று மணி. நாலு மணிக்கு எழுத்தர் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்.

"அவன் வீட்டுல தூங்கிட்டிருப்பான்," என்றார்.

"உங்களுக்கென்ன தெரியும்?" என்றாள் ஹுமய்ரோ.

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. தலை ஈரமாக இருந்தது. வேறு சட்டை. மிர்ஸோஹித் புது அட்டையை மேசையில் வைத்தான். ஐந்து வட்டம்.

"எங்கப்பா போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்றாள் ஸும்ரத் அம்மாள்.

"வீட்டுக்கு. முதல்லருந்து செஞ்சேன். சட்டையக் கழட்டிட்டு மறுபடி. சாப்பாட்டையும் மறுபடி. அப்புறம் நாடா மூணு தடவ அவுந்திடுச்சு. அதனால மூணு பஸ் போயிடுச்சு."

"தெருக்காரங்க?"

"வராதீங்கன்னு சொல்லிட்டேன். அழுதாங்க."

"தாத்தா?"

"அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க."

ஸும்ரத் அம்மாள் பேனாவைத் திறந்து எழுதினாள். எழுத்தர் முத்திரை குத்தினார், கொஞ்சம் கோணல். மிர்ஸோஹித் அதைக் கவனித்தான், நடுவில் இல்லை என்றான். எழுத்தர் பக்கத்திலேயே இன்னொன்று குத்திக் கொடுத்தார்.

"செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணி," என்றாள் ஸும்ரத் அம்மாள்.

மிர்ஸோஹித் விரல்களை மடக்கினான். ஹுமய்ரோவின் வாய் திறந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எட்டு மணிக்கு இங்க," என்றான் அவன். "நாடா அவுந்தா ஒரு பஸ் போகும். ரெண்டு தடவ அவுந்தா ரெண்டு பஸ். அப்ப நாலு மணிக்கு எழுந்திருக்கணும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் ஹுமய்ரோ பஸ் நிறுத்தத்தைக் காட்டினாள். "வா, சேர்ந்து போகலாம்."

"நீங்க போங்கக்கா," என்றான் மிர்ஸோஹித், குனிந்து தன் பூட்ஸின் அவிழ்ந்த நாடாவைப் பார்த்தபடி. "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். அவன் அதற்கடுத்த பஸ்ஸில் வந்தான்.